வாசற்படி வைத்த சரிவுப் பாதை

1

முதலில் நான் கட்டியவற்றைச் சொல்லிவிடுகிறேன். பேசுகிறவன் யார் என்று தெரியாமல், நம் ஊர்க்காரர்களே, நீங்கள் மேலே படிக்கக் கூடாது.

செம்பனைத் தோட்டத்து மாரியம்மனுக்குக் கோபுரம் கட்டினேன். இங்கே மலேசியாவில், கோல சிலாங்கூரில் ஆற்றோரம் முழுக்கக் களிமண். கல்லை வைத்தால் கல்லே முங்கிப்போகும், கோபுரம் எங்கே நிற்கப்போகிறது என்றார் ஒரு பெரிய மனிதர். சதுப்புநிலத்துக் கழிகளை அடித்து இறக்கி அதன் மேல் அஸ்திவாரம் போட்டேன். கோபுரம் இன்னும் நிற்கிறது. சொன்னவர்தான் போய்ச் சேர்ந்துவிட்டார். சுங்கை பஞ்சாங்கில் வயலுக்கு நடுவே நெல் கொட்டகை கட்டினேன். கம்போங் குவாந்தானில் மின்மினிப் பூச்சி பார்க்க வருகிறவர்கள் படகில் ஏறும் துறை என் கைவேலை. கெர்லிங்கில் மேட்டு மண் சரியாமல் தாங்கும் சுவர் ஒன்று. அதே இடத்தில் படித்தவர்கள் கட்டியிருந்த சுவர் ஒரே மழையில் ரோட்டுக்கு வந்து படுத்திருந்தது. கடைசியாக என் சொந்த வீடு, மாடியோடு.

யாரும் எனக்குக் கைகொடுக்கவில்லை. அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து கோயில் வேலைக்கு வந்த குழுவில், சாந்து குழைக்கிற கையாளாக வந்தவன் நான். படிப்பு மூன்றாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் ஆடு மேய்த்தேன். என்னைக் கூட்டிவந்தவர் என் கடவுச்சீட்டைத் தன் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டார். பிறகு அவருடைய வீட்டுக்கே நான்தான் கூரை போட்டேன், அவருக்கு வேறு யாரும் கடனுக்கு வேலை செய்யாத காலத்தில்.

இவ்வளவு கட்டியவனுக்கு இங்கே ஓட்டு கிடையாது. என்னிடம் இருப்பது சிவப்பு அடையாள அட்டை. நிரந்தரமாகக் குடியிருக்கலாம், வரி கட்டலாம், சாகலாம். ஓட்டுப் போட முடியாது. என் மனைவி சரோஜா தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவள், அவளுக்கு உண்டு. என் பிள்ளைகளுக்கு உண்டு. என்னிடம் வேலைக்கு வந்து நிழலில் தூங்கிவிட்டுப் போன சோம்பேறிகள் அத்தனை பேருக்கும் உண்டு. நம் நாட்டிலோ நேரில் வந்து போட்டுவிட்டுப் போ என்கிறார்கள். ஒரு சொட்டு மைக்காக விமானம் ஏற வேண்டும். இங்கே என்னை ‘ஊர்க்காரர்’ என்கிறார்கள். அங்கே வந்தால் நீங்கள் ‘மலேசியாக்காரர்’ என்கிறீர்கள். இரண்டும் மரியாதைக்கு வைத்த பெயர் இல்லை என்று எனக்குத் தெரியாதா?

இதை எழுத வைத்தது ஒரு செய்தி. எங்கள் பகுதித் தமிழ்ப்பள்ளியில்தான் தேர்தல்தோறும் ஓட்டுப் பதிவு நடக்கும். அந்தப் பள்ளி, நடக்க முடியாதவர்களும் தடையில்லாமல் வந்து வாக்களிக்கும் முன்மாதிரி வாக்குச்சாவடியாம். கூடவே படம். பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர் குணசேகரன் சரிவுப் பாதையின் கைப்பிடியில் சாய்ந்து சிரிக்கிறார். நம் ஊர் ஆள் ஒருவனே அதை என் கைப்பேசிக்கு அனுப்பி, ‘பாத்தீங்களாண்ணே, அங்கே எவ்வளவு நல்ல காரியம் பண்றாங்க’ என்று எழுதியிருந்தான்.

யாரிடம் சொல்கிறான் பாருங்கள்.

2

என் மூத்தவன் சிங்கப்பூரில் இருக்கிறான். அவன் பிள்ளைகள் தொலைபேசியில் ‘தாத்தா’ என்று தமிழில் ஒரு சொல் சொல்வார்கள், மீதி முழுக்க ஆங்கிலம். நான் ‘யெஸ், யெஸ்’ என்று சொல்லி வைத்துவிடுவேன். இளையவள் வாணி எங்களோடு இருக்கிறாள். படிப்பு முடிக்கிற வயதில் புக்கிட் ரோத்தான் சாலையில் ஒரு லோரி அவள் ஸ்கூட்டரைத் தட்டிவிட்டது. அன்றிலிருந்து இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. கை இரண்டும் நன்றாக இருக்கின்றன. வாயைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், என் வாய் அது. ரவாங்கில் உள்ள கம்பெனிக்கு வீட்டிலிருந்தே கணக்கு எழுதிக் கொடுக்கிறாள். சக்கர நாற்காலியைத் தானே உருட்டிக்கொள்வாள். பின்னால் வந்து தள்ள நினைத்தால் பிரேக்கைப் போட்டுவிட்டு முறைப்பாள்.

அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வருவதற்கு முன் வீட்டின் வாசற்படிகள் எல்லாவற்றையும் நானே பெயர்த்து எடுத்தேன். சரோஜா அழுதாள்.

“வாசப்படி இல்லாத வூட்டுல மகாலெச்சுமி எங்கங்க நிப்பா?”

“உருண்டு வரட்டும்” என்றேன்.

வாசற்படி சமாச்சாரத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.

வாணிக்கு முதல் ஓட்டு, போன பொதுத் தேர்தலில். இங்கே வாக்காளர்களை வயதுவாரியாக வகுப்பறைகளுக்குப் பிரித்துவிடுவார்கள். எங்கள் பள்ளியில் வயதானவர்களுக்குக் கீழ்த்தளம், இளையவர்களுக்கு மாடி. நடக்க முடியாதவர் என்றால் கிழவராகத்தான் இருப்பார் என்று எந்த மகா புத்திசாலி முடிவு செய்தாரோ! வாணிக்கு மாடி விழுந்தது.

நான் கேட்டுக்கு வெளியே நின்றேன். ஓட்டில்லாதவனை உள்ளே விடமாட்டார்கள். கட்சிச் சட்டை போட்ட நான்கு இளைஞர்கள் ஓடிவந்தார்கள். ‘அக்கா, கவலப்படாதீங்க’ என்று நாற்காலியோடு அவளைத் தூக்கினார்கள். எங்கள் பையன்களுக்குத் தூக்குவது என்றால் ஒரே வழிதான் தெரியும், சாமி தூக்குகிற வழி. தோளில் ஏற்றிக்கொண்டு, காலை மாற்றி மாற்றி வைத்து, அசைந்து அசைந்து ஏறினார்கள். பாதிப் படியில் ஒருவன் ‘அரோகரா’ என்றான். கீழே வரிசையில் நின்ற கூட்டம் முழுக்கச் சிரித்துக்கொண்டே அதைத் திருப்பிச் சொன்னது. இன்னொருவன் படம் எடுத்தான். அன்று மாலைக்குள் அந்தப் படம் ஊர் முழுக்கச் சுற்றியது: தோள்மேல் என் மகள், நாற்காலியின் இரண்டு பக்கத்தையும் இறுகப் பிடித்துக்கொண்டு, முகத்தில் ஒரு சொட்டு ரத்தம் இல்லாமல். கீழே, ‘இதுதான் எங்கள் சேவை’.

அவளை என் லோரியில் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். லோரியை நிறுத்திய பிறகு சொன்னாள்.

“சாமிக்கு ஓட்டு கெடையாதுப்பா. மனுஷனுக்குத்தான் ஓட்டு.”

“பசங்க நல்ல எண்ணத்துல—”

“இனிமே யாராச்சும் என்னத் தூக்குனா, எனக்கு அந்த ஓட்டே வேணாம்.”

சொன்னால் சொன்னதுதான். அதுவும் என்னிடமிருந்து வந்தது.

3

இதைப் படித்துவிட்டு நம் ஊர்க்காரர்கள் ‘மலேசியாவில் இப்படியா’ என்று உச்சுக்கொட்ட வேண்டாம். நீங்கள் என்ன வாழ்ந்துவிட்டீர்கள்?

நான் வாழ்நாளில் போட்டது ஒரே ஓட்டு. நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில்தான் போட்டேன். கண்மாய்த் தண்ணீர் ஏறாமல் இருக்க அதை மேடையில் கட்டியிருந்தார்கள். படிகளை லாபம், நஷ்டம், லாபம் என்று எண்ணி, லாபத்தில் முடியவேண்டும் என்பதற்காக மேஸ்திரி ஒரு படியைக் கூடுதலாக வேறு வைத்திருந்தார். யாருக்கு லாபமோ! பேருந்து நிறுத்தத்தில் கடலை விற்ற காத்தமுத்துவை உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். இளம்பிள்ளை வாதத்தில் இரண்டு காலும் சூம்பிப்போனவர். கையை மண்ணில் ஊன்றி ஊன்றி, வேகாத வெயிலில் பள்ளிக்கூடம் வரை வந்துவிட்டார். படிக்குக் கீழே உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவரிடம் கட்சி ஏஜெண்டு குனிந்து சொன்னார்: “நீ ஏன் கஷ்டப்பட்டு வந்த காத்தமுத்து? ஒன் ஓட்ட நாங்க காலையிலயே போட்டாச்சு. போய் சோடா குடி.”

“நான் போடலையே!” என்றார் காத்தமுத்து. மேடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவரை மேலே ஏற்ற யாருக்கும் தோன்றவில்லை. அவர் ஓட்டு மட்டும் அவருக்கு முன்னால் ஏறிப்போயிருந்தது.

இப்போது அங்கே சரிவுப் பாதை வந்துவிட்டது என்று எழுதுகிறீர்கள். போய்ப் பாருங்கள், அதில் யாருடைய ஸ்கூட்டர் நிற்கிறது என்று.

4

வாணி அப்படிச் சொன்ன பிறகு நான் குணசேகரனைப் பார்க்கப் போனேன். அவருடைய அப்பா தோட்டத்தில் கிராணி, அதாவது கணக்கப்பிள்ளை. வெயில் படாத உத்தியோகம். மகனுக்கும் வெயில் ஆகாது. ஐந்து விரலில் மூன்றில் மோதிரம்.

“தலைவரே, பள்ளிக்கூடத்துக்கு ஒரு சரிவுப் பாதை வேணும். நானே கட்டித் தர்றேன். சாமானும் என்னுது.”

“ஊர்க்காரரே, இது கவர்மெண்டு எடம் லா. பிளான் இருக்கு, அப்ரூவல் இருக்கு, லைசென்சு உள்ள ஆளுங்கதான் செய்யணும். கோயில்ல பொம்ம வைக்கிற மாதிரி இங்க வைக்க முடியாது.”

இங்கே எல்லோர் பேச்சுக்கும் ‘லா’ ஒரு வால். லைசென்சு உள்ள ஆள் அவருடைய மச்சான் என்பது பிறகு தெரிந்தது.

கட்டினார்கள். திறப்பு விழாவுக்கு மாலை, மேளம், ரிப்பன், கல்வெட்டு எல்லாம் இருந்தன. ‘தலைவர் குணசேகரன் அவர்களின் சீரிய முயற்சியால்’ என்று தொடங்கி, மச்சான் பெயர், வந்திருந்த பிரமுகர் பெயர் என்று கல் முழுக்கப் பெயர்கள். பிரமுகர் ரிப்பனை வெட்டிவிட்டுப் பளபளக்கும் சப்பாத்துக் காலோடு சரிவில் நடந்து ஏறினார். எல்லோரும் கைதட்டினார்கள். கால் உள்ளவன் ஏறிக் காட்டுவதற்குச் சரிவு எதற்கு? சக்கரம் வைத்த ஒரு சாமானைக்கூட உருட்டிப் பார்க்கவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு நான் போய்ப் பார்த்தேன். சரிவு குறைசொல்ல முடியாத வேலை, வழவழப்பாக இருந்தது. ஆனால் அதன் உச்சியில், கீழ்த்தள வராந்தாவுக்குள் நுழைகிற இடத்தில், குறுக்கே ஒரு வாசற்படி! அரைச் சாண் உயரம். மஞ்சள் பூசி, குங்குமம் வைத்திருந்தார்கள்.

கட்டிய மேஸ்திரி பக்கத்தில்தான் நின்றான். நம் ஆள்.

“என்னாடா இது?”

“வாசல்ண்ணே.”

“வாசல் தெரியுது. குறுக்க என்ன?”

“வாசல்னா படி வேணாமாண்ணே? மொட்டையா வுட்டா வெளங்குமா?”

“சக்கரம் எப்படிடா ஏறும்?”

அவன் யோசித்தான். அப்போதுதான் முதன்முதலாக யோசிக்கிறான் என்பது முகத்திலேயே தெரிந்தது. “யாராச்சும் லேசா தூக்கி வுட்டா ஏறிடும்ண்ணே.”

குணசேகரனிடம் சொன்னேன். “அழகாத்தான் லா இருக்கு. மழத் தண்ணியும் உள்ள வராது. எல்லாத்துலயும் கொற கண்டுபிடிக்கிறதே ஒங்க வேல” என்றார். இந்த உலகத்தில் படிக்குப் படி வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். சரிவுக்குப் படி வைத்தவர்கள் எங்கள் ஆட்கள்தான்.

அன்றே அந்தப் படியைச் சாண் வைத்து அளந்துகொண்டேன். வீட்டுக்கு வந்து செங்கால் மரத்தில் இரண்டு ஆப்புப் பலகைகள் இழைத்தேன். நீளமானது வெளியே சரிவின் மேல் படுத்து, படியின் தலை வரை ஏறும். குட்டையானது உள்ளே வராந்தாவில் இறங்கும். சாமி தேர் ஓடுவதற்கு ஆப்பு செதுக்கிப் பழகிய கை இது. கொண்டுபோய்க் கொடுத்தேன். ‘பிளான்ல இல்லாதது வைக்கக் கூடாது’ என்று திருப்பிக் கொடுத்தார்கள். பலகை என் லோரியிலேயே கிடந்தது.

5

மாநிலத் தேர்தல் வந்தது. வாணிக்கு மறுபடியும் மாடி. சரிவு கீழே, ஓட்டு மேலே.

தேர்தல் அலுவலகத்துக்கு இரண்டு பேரும் போனோம். என்னுடைய மலாய் சிமெண்டு மலாய்: மணல் கொண்டு வா, கல்லைத் தூக்கு, நாளைக்கு வா. மானம் என்பதற்கு அதில் சொல் இல்லை. அதனால் மேசைக்குப் பின்னால் இருந்தவரிடம், இவளைத் தூக்க முடியாது என்றேன். அவர் எட்டி வாணியைப் பார்த்தார். “இந்தப் பொண்ணா? கனமா தெரியலையே. நாலு பேர் இருப்பாங்க, தாராளமா தூக்கலாம்” என்றார்.

வாணி சிரித்துவிட்டுத் தானே நல்ல மலாயில் விளக்கினாள். அவர் பொறுமையாகக் கேட்டார். கடைசியில், வேண்டுமானால் மனு கொடுங்கள், அடுத்த தேர்தலுக்குப் பரிசீலிப்போம் என்றார். இவளுடைய கால் அடுத்த தேர்தலுக்குள் முளைத்துவிடும் என்று நினைத்தாரோ என்னவோ.

வெளியே வந்ததும் சொன்னேன். “ஆத்தா, வெள்ளென போயிருவோம். கான்கிரீட் போடுற அன்னக்கி நான் எப்பவும் மொத ஆளா போய் நிப்பேன். முந்தி நிக்கிறவன் சொல்றதத்தான் மத்தவன் கேப்பான்.”

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். “மொத ஆளா…” என்றாள். “சரிப்பா. வெள்ளென போயிருவோம்.”

முதலில் போய் நிற்பது என் யோசனை. நின்ற இடத்தை விட்டு நகராமல் இருப்பது அவள் யோசனை. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

6

ஓட்டுப் பதிவு அன்று பள்ளிக் கேட்டைத் திறந்தபோது எங்களைத் தவிர அங்கே யாரும் இல்லை. காவலுக்கு நின்ற போலீஸ்காரர், வாக்காளர் மட்டும் உள்ளே போகலாம் என்றார். லோரியில் கிடந்த பலகையைக் காட்டினேன். கட்டுமானச் சாமான் உள்ளே கூடாது என்றார். வாணி மட்டும் உருட்டிக்கொண்டு போய், மாடிப்படிக்குக் கீழே, முதல் படியில் முழங்கால் இடிக்கிற மாதிரி நிறுத்தி, பிரேக்கைப் போட்டாள். மாடிப்படி வெளியே தரையிலிருந்தே ஏறும், சாலைப் பக்கம். நான் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பாதி என் காதில் விழுந்தது, மீதியை வாணி சொன்னாள்.

தலைக்கவசத்தைக் கையில் தொங்கவிட்டபடி ஓர் இளைஞன் வந்தான்.

“அக்கா, கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா? மேல போகணும்.”

“நானும் மேலதான் போகணும் தம்பி. வரிசையில நிக்கிறேன்.”

“எப்டிக்கா போவீங்க?”

“அதத்தான் யோசிக்கிறேன். நீ பின்னாடி நில்லு, சேந்து யோசிப்போம்.”

அவன் சிரித்தான். ஆனால் பின்னால் நின்றான். அவனுக்குப் பின்னால் ஒரு மலாய்ப் பெண், அவளுக்குப் பின்னால் இரண்டு சீனப் பையன்கள். வரிசை பந்து விளையாடும் திடல் வரை போய்விட்டது. இந்தக் காலத்துப் பிள்ளைகளைப் பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் கிடையாது. ஆனால் அன்று ஒருவர்கூட அவளைத் தாண்டி மேலே ஏறவில்லை. நடுவில் ஒருவன் இடுக்கில் நுழையப் பார்த்தான். அந்த மலாய்ப் பெண் ஏதோ ஒரே சொல் சொன்னாள், திரும்பிப் போய்க் கடைசியில் நின்றான்.

குணசேகரன் ஓட்டுப் போட வந்தார். கூட்டத்தைப் பார்த்ததும் வெள்ளைச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு அங்கே போனார்.

“என்னாம்மா வாணி, காலங்காத்தால கலாட்டா? தம்பிங்க நாலு பேரு வாங்கப்பா. போன தடவ மாதிரி தூக்கிடலாம்.”

“தொட்டீங்கன்னா கத்துவேன் அங்கிள்.”

“ஒன் நல்லதுக்குத்தானம்மா சொல்றேன்.”

“எனக்கு நல்லது வேணாம் அங்கிள். ஓட்டுதான் வேணும்.”

அவர் வரிசையின் பக்கம் திரும்பினார். “நீங்கல்லாம் ஏன் லா நிக்கிறீங்க? சைடுல போங்க, மேல போங்க.”

தலைக்கவசக்காரன் சொன்னான்: “வரிசைன்னா வரிசைதான் அங்கிள். அக்கா போவாம நாங்க எப்டி போறது?”

மேலே அறையில் எல்லாம் தயாராக இருந்தது. ஓட்டுப் போட ஆள்தான் வரவில்லை. அந்த அறையின் பொறுப்பதிகாரி இறங்கி வந்தார். மலாய்க்காரப் பெண்மணி, வேறு எங்கோ ஆசிரியையாம். யாரையாவது உடன் வைத்துக்கொண்டு அவர் கையால் வாக்களிக்கலாம், அதற்கும் வழி இருக்கிறது என்றார். வாணி இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள்.

“கை நல்லாத்தான் இருக்கு டீச்சர். படிதான் சரியில்ல.”

அந்த அம்மாள் மாடியைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார். மேலே குரல் கொடுத்து, ஒரு வாக்காவது விழுந்திருக்கிறதா என்று கேட்டார். ஒன்றும் விழவில்லை, பெட்டி காலி. ஓட்டு விழுந்த பெட்டியை இடம் மாற்றக் கூடாதாம், காலிப் பெட்டியை மாற்றலாமாம். பிறகு தொலைபேசியை எடுத்து யார் யாரிடமோ பேசினார். ஒருவரிடம் பணிவாகப் பேசினார், இன்னொருவரிடம் அதட்டினார். கீழ்த்தளத்தில் மழலையர் வகுப்பறை பூட்டிக் கிடந்தது. அதைத் திறக்கச் சொன்னார். மொத்தச் சாவடியும் கீழே வரட்டும் என்றார். இந்தக் கதையில் நான் இகழாமல் விடுகிற ஒரே அதிகாரி அவர்தான்.

போன தேர்தலில் வாக்காளரைத் தூக்கிய ஊர் இந்தத் தேர்தலில் மேசையைத் தூக்கியது. மேசை ஒன்றும் சங்கடப்படவில்லை.

இத்தோடு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நான் நினைக்கவில்லை. எனக்குத் தெரியும், உச்சியில் என்ன இருக்கிறது என்று.

வாணி பிரேக்கை எடுத்துவிட்டுச் சரிவுப் பாதைக்கு வந்தாள். கல்வெட்டைத் தாண்டினாள். நல்ல வேகத்தில் ஏறினாள். முன் சக்கரம் ‘டொக்’கென்று வாசற்படியில் மோதியது. நின்றுவிட்டாள். சரிவில் முகம் மேலே பார்க்க, உடம்புப் பாரம் முழுக்கப் பின்னால் இழுக்க, இரண்டு கையாலும் சக்கரத்தை அமுக்கிப் பிடித்திருந்தாள். கையை விட்டால் உருளும்.

 குணசேகரன் மெதுவாகச் சொன்னார்: “லேசா தூக்கி வுட்டா போதும்…”

“தொடாதீங்க!”

அவள் குரல் எனக்குக் கேட்டது.  பெற்ற பிள்ளை சரிவில் தொங்குகிறாள். வட்டாரத்தில் பாதியைக் கட்டிய நான், ஒரு கம்பி வேலிக்கு இந்தப் பக்கம்.

அவள் சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தித் தளர்த்தி, பின்னாலேயே கீழே இறங்கினாள். தரைக்கு வந்ததும் தலையைத் திருப்பிக் கத்தினாள்.

“அப்பா! பலகை!”

போலீஸ்காரர் என்னைப் பார்த்தார். அதிகாரி அம்மாள் அங்கிருந்தே கையை அசைத்தார். கேட் திறந்தது, பலகைக்கு மட்டும். தலைக்கவசக்காரனும் ஒரு சீனப் பையனும் ஓடிவந்து தூக்கிக்கொண்டு போனார்கள். போய், தலைகீழாக வைத்தார்கள்.

“டேய், மெல்லிசு நுனி கீழடா! கீழ! ஒங்கப்பன் கல்யாணத்துல வாழ மரத்தத் தலகீழாவா கட்டுனாங்க?”

“இப்டியா அங்கிள்?”

“இன்னும் ஒரு சாண் மேல தள்ளு! அந்தக் குட்டைய உள்ள போடு! உள்ளன்னா அந்தப் பக்கம்! காலால மிதிச்சுப் பாருடா, ஆடுதா?”

“ஆடல அங்கிள்!”

எப்படி ஆடும்?

வாணி மறுபடி ஏறினாள். பலகையில் சக்கரம் ஏறும் சத்தம் தேர் நிலையை விட்டுக் கிளம்புகிற சத்தம் மாதிரி இருந்தது. படியின் தலையைத் தாண்டினாள், உள்ளே இறங்கினாள், மழலையர் வகுப்புக்குள் மறைந்தாள். யாரும் அரோகரா சொல்லவில்லை. அதற்காக அந்தக் கூட்டத்துக்கு ஒரு மதிப்பெண் போடலாம்.

வெளியே வந்தபோது விரலில் மை. முகத்தில் வியர்வை.

“மேச ஒசரமா இருந்துச்சுப்பா. மடியில வச்சுப் போட்டேன்.”

“யாருக்கு ஆத்தா போட்ட?”

“அது எனக்கும் பெட்டிக்கும்.”

அன்று முழுக்க நான் வேலிப் பக்கம்தான் இருந்தேன். கைத்தடிக் கிழவர்கள் அந்தப் பலகையில் ஏறினார்கள். சர்க்கரை நோயில் ஒரு கால் போனவர் ஏறினார். குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒருத்தி ஏறினாள். குணசேகரனும் அதில்தான் ஏறினார். பக்கத்தில் படிக்கட்டு இருக்கிறது, அவருக்குக் கால் இரண்டும் இருக்கின்றன. ஆனாலும் பலகை வசதியாக இருந்திருக்கிறது.

7

தேர்தல் முடிந்ததும் பலகையைத் திருப்பித் தரவில்லை. பிளானில் இல்லாத அதே பலகையை ஆணி அடித்து நிறுத்தி, மஞ்சள் வண்ணம் பூசி, ஒட்டவைத்துக்கொண்டார்கள். இப்போது பத்திரிகையில் செய்தி வேறு வந்துவிட்டது. கல்வெட்டில் எல்லோர் பெயரும் இருக்கிறது, பத்திரிகையில் படம் எடுத்தவன் பெயர்கூட இருக்கிறது.

போய்க் கேட்டேன்.

“தலைவரே, பலகை என்னுது.”

“ஒங்களோடதுதான் லா ஊர்க்காரரே, யாரு இல்லன்னா? ஆனா பேரு போடணும்னா கமிட்டி கூடி முடிவு பண்ணணும்.”

“பேப்பர்ல நீங்க சிரிக்கிறதுக்குக் கமிட்டி கூடுச்சா?”

அவர் மோதிரத்தைத் திருகினார். 

வீட்டில் வாணி கேட்டாள்: “விடுங்கப்பா. சக்கரம் ஏறுது, எறங்குது. அது போதாதா?”

ஏறுகிறவர்களுக்கு அது போதும். செய்தவனுக்குப் போதாது. பெயரை எதிர்பார்க்காமல் செய்ய வேண்டும் என்று எனக்கு உபதேசம் செய்கிறவர்கள், முதலில் அந்தக் கல்வெட்டின் முன்னால் போய் நின்று அதைச் சொல்லட்டும்.

கடைசியில் வாணியும் சொன்னாள். “சரி, எழுதுங்க. ஒங்க பேரு போடச் சொல்லிக் கேளுங்க. ஆனா என் படம் எங்கயும் வரக் கூடாது.” வராது. இந்தக் குறிப்போடும் படம் எதுவும் அனுப்பவில்லை.

எனவே, நம் ஊர்க்காரர்களுக்கும், இதை யாராவது படித்துக் காட்டினால் கோல சிலாங்கூர்க் கமிட்டிக்கும் சொல்கிறேன். அன்று அந்த வாசலில் என் மகளை முதல் ஆளாகக் கொண்டுபோய் நிறுத்தியவன் நான். நீங்கள் வைத்த படியை ஏறும்படி செய்தவன் நான். இந்த நாட்டு வாக்காளர் பட்டியலில் என் பெயர் இல்லை. நம் ஊர்ப் பட்டியலிலிருந்து எப்போதோ அடித்துவிட்டீர்கள். அந்தக் கல்வெட்டின் அடியில் ஒரு வரிக்கு இடம் இருக்கிறது, பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். ‘பலகை: மு. சின்னையா, கொத்தனார்’ என்று அங்கே வர வேண்டும்.

எழுத்தை நானே வந்து செதுக்கித் தருகிறேன். உங்களிடம் விட்டால் அதற்கும் ஒரு படி வைத்துவிடுவீர்கள்.